கயிறு பிடிப்பவர் யார்?

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் ராமாநுஜர் அவதரித்த திருத்தலம் என்பதே நம் பெரியோர்களின் நினைவுக்கு வரும். இந்நாளில் அத்துடன் மோட்டார் வண்டிகளும் சேர்ந்து நினைவுக்கு வருகின்றன. 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் பெரிய மோட்டார் தொழிற்சாலை ஏற்பட்டது. அதன் பிறகு ஒரகடம் வரையில் வயலும் ஏரிக்கரையுமாக இருந்த பூமியில் வரிசை வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. எவ்வளவு எழுந்தாலும் அந்த ஊருக்குக் கடல் மட்டும் வந்து சேரவில்லை. அலையோசை எட்டாத அந்த இடத்தில், சென்ற ஞாயிற்றுக்கிழமை, ஆழ்கடலைப் பற்றி இரண்டு மணி நேரம் பேச்சுக் கேட்கும் பாக்கியம் நமக்குக் கிட்டியது.

நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணை. அங்கே இரு வாலிபர்கள். இருவரும் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் இஞ்சினீயர்கள். ஆண்டு விடுமுறையில் ஒருவர் மாலத்தீவுக்கும் மற்றவர் செங்கடலுக்கும் சென்று திரும்பியிருந்தார்கள். இந்தப் பிரயாணத்தில் கரையில் விடுதி எடுத்துத் தங்குவதில்லை. ஒரு வாரம் படகே வீடு. உண்பதும் உறங்குவதும் அதிலேதான். நாளுக்கு மூன்று அல்லது நான்கு தடவை, முதுகில் காற்று அடைத்த உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் பவளப் பாறைகளையும் மீன் கூட்டங்களையும் பார்த்து வருவார்கள். 1943-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் கூஸ்தோ, காஞ்யான் என்ற இருவர் நீருக்கடியில் சுவாசிக்கும் கருவியைச் செம்மைப்படுத்தியதன் பலன் இது. முன்னே கடற்படையாருக்கும் தொழிலாளருக்கும் மட்டுமே உரிய காரியமாக இருந்தது, இன்று சம்பளக்காரர்களின் கேளிக்கையாகிவிட்டது.

மாலத்தீவுக்குச் சென்றவர் முகத்தில் அருள் இல்லை. "பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டிப் போனது போல் ஆயிற்று" என்று ஆரம்பித்தார். துறைமுகத்தை விட்டுப் புறப்படுமுன் எல்லோரையும் மிதவைச் சட்டை அணிவித்து வரிசையில் நிறுத்தினார்களாம். கீழ்த்தட்டு அறைகளிலிருந்து வெளியேறும் அவசர வழியில் ஒவ்வொருவரையும் தவழ்ந்து வரச் செய்தார்களாம். இரவில் அறைக்குள் கைப்பேசிக்கோ விளக்குக்கோ மின்சாரம் ஏற்றக்கூடாது என்றார்களாம். நள்ளிரவில் கையில் விளக்குடன் ஒரு மாலுமி மேலும் கீழும் நடந்து தூக்கத்தைக் கெடுத்தானாம். 30 மீட்டருக்குக் கீழே போக அனுமதியில்லை. அது அந்நாட்டின் சட்டமே. எல்லாவற்றுக்கும் சிகரமாகக் கடைசி நாள் நீரில் இறங்கவே விடவில்லை. "ஏழு நாளுக்குப் பணம், ஆறு நாளுக்குக் கடல்!" என்று முடித்தார்.

செங்கடல் சென்றவரோ ஆனந்தத்தில் மிதந்தார். அவருடைய படகில் யாரும் எதையும் கேட்கவில்லை. நாளுக்கு நான்கு முழுக்கு. ஆழம் 40 மீட்டர். காமிராவின் மின்கலங்கள் தலையணைக்கு அருகிலேயே இரவு முழுவதும் மின்சாரம் உண்டன. இறுதி நாள் காலையிலும் ஒரு முழுக்கு. அன்று மாலையே ஆகாய விமானம். "கொடுத்த காசுக்குக் குறைவில்லை. ஊர் வந்த பிறகு இரண்டு நாள் தோள்மூட்டு மட்டும் வலித்தது; பெட்டி தூக்கியதால் இருக்கும்" என்றார். திண்ணையில் இருந்த நாங்கள் அனைவரும் இரண்டாமவரே அதிர்ஷ்டசாலி என்று தீர்ப்பளித்துவிட்டோம்.

அப்போது மூலையில் இருந்த அண்ணாச்சி வாய் திறந்தார். அவர் தூத்துக்குடிக்காரர், ஒரகடத்துத் தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலை ஒன்றை மேற்பார்வை செய்பவர்.

"தம்பி, நீங்கள் இரண்டு பேரும் மீனைப் பற்றிச் சொன்னீர்கள், சாப்பாட்டைப் பற்றிச் சொன்னீர்கள். கயிறு பிடித்தது யார் என்று சொல்லவில்லையே?"

"எங்களுக்குக் கயிறே கிடையாது, அண்ணாச்சி!" என்று இருவரும் சிரித்தார்கள்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவருடைய பாட்டனார் மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் குளித்தவர். தந்தையார் சங்கு குளித்தவர். கொற்கையின் காலம் தொட்டு நடந்த தொழில் அது. மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலில் முத்துக்குளிப்பு நடந்த விதத்தை எழுதி வைத்திருக்கிறார். குளிப்பவன் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை வைத்து மூச்சடக்கி இறங்குவான். தரையைத் தொட்டதும் மேலே இருப்பவன் கல்லை இழுத்துக்கொள்வான். ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியை வலைப்பையில் சேர்த்துக்கொண்டு, குளிப்பவன் கயிற்றை அசைப்பான். அந்த அசைவுக்காகக் கண்ணும் கையும் காத்திருக்க, மேலே ஒருவன் நிற்க வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் சகோதரனிடமே கொடுப்பது வழக்கம் என்று கடற்கரையில் சொல்வார்கள். தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைவுள்ளவன் கண் அயரமாட்டான் அல்லவா?

"எங்கள் ஊரில் நல்ல படகு எது என்று கேட்டால், எத்தனை முத்து எடுத்தது என்று பார்க்கமாட்டார்கள், கயிற்றில் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள்" என்றார் அண்ணாச்சி. பிறகு இரண்டாமவர் பக்கம் திரும்பி, "தோள்மூட்டு வலித்தது என்றீர்களே, தம்பி! என் சித்தப்பா காற்றுக் குழாயை வாயில் கவ்விச் சங்கு எடுத்தவர். அவருக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. வாதம் என்று எண்ணெய் தடவினோம். பிற்பாடு அவர் கோலில்லாமல் நடக்கவில்லை" என்றார்.

திண்ணையில் சிறிது நேரம் பேச்சில்லை.

வீடு திரும்பியதும் இவ்விஷயத்தை நாம் ஆராய்ந்து பார்த்தோம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சுடன் வெளியேறிவிடும். அவசரப்பட்டால், கோலி சோடாவைத் திறந்ததும் பொங்குவதுபோல் உடலுக்குள்ளேயே குமிழிகள் உண்டாகும். எத்தனை ஆழத்துக்கு எவ்வளவு தாமதித்து ஏற வேண்டும் என்று ஆங்கிலேயக் கடற்படைக்காக ஹால்டேன் என்ற விஞ்ஞானி அட்டவணை வகுத்து 1908-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நாள்தோறும் பல முழுக்குப் போடுகிறவர் உடலில் நைட்ரஜன் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். விமானத்துக்குள் அழுத்தம் தரையில் உள்ளதைவிடக் குறைவு. ஆகையால்தான் பல முழுக்குகளுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரமாவது விமானம் ஏறலாகாது என்று விதித்திருக்கிறார்கள். முதலாமவர் நஷ்டம் என்று கணக்கெழுதிய கடைசி நாள் நஷ்டமன்று. அவருடைய மூட்டுகளுக்காகச் செலவான நாள். மூட்டு வலியோ இந்நோயின் முதல் அடையாளங்களுள் ஒன்று.

இரவில் விளக்குடன் நடந்த மாலுமியின் கதையும் அத்தகையதே. 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி விடியுமுன், கலிபோர்னியாவில் சாந்தா குரூஸ் தீவின் அருகே நங்கூரமிட்டிருந்த 'கன்செப்ஷன்' என்னும் மூழ்குவோர் படகு தீப்பற்றியது. கீழ்த்தட்டில் உறங்கிய 34 பேரும் மாண்டார்கள். அங்கிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. இரண்டும் தீ மூண்டிருந்த ஒரே கூடத்தில் போய் முடிந்தன. இரவு முழுதும் சுற்றிவரக் காவலன் இருக்க வேண்டும் என்பது விதி. அன்றிரவு அப்படி ஒருவனும் இல்லை. படகின் தலைவர் குற்றவாளி என்று 2023-இல் தீர்ப்பாகி, 2024-இல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். செங்கடலிலும், 2024-ஆம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி, 'ஸீ ஸ்டோரி' என்ற படகு விடியற்காலையில் கவிழ்ந்தது. பதினொரு பேர் மீளவில்லை. கவிழ்ந்த படகின் உள்ளே அகப்பட்டிருந்த ஐவரை மறுநாள் உயிருடன் மீட்டது தெய்வாதீனமே. நம் வாலிபர் சென்றது வேறு படகு. ஆனால் கேட்பாரற்ற சுதந்திரத்தின் விலை எதுவாக இருக்கக்கூடும் என்பதை இவை காட்டுகின்றன.

நமக்கு ஓர் ஆச்சரியம். இந்த இரு வாலிபர்களும் தொழிற்சாலையில் தரையில் இட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டமாட்டார்கள். தலைக்கவசம் இல்லாமல் உள்ளே நுழையமாட்டார்கள். யந்திரத்தைப் பழுது பார்க்குமுன் மின்சாரத்தை நிறுத்தித் தங்கள் பூட்டைப் போட்டுச் சாவியைத் தங்கள் பையிலேயே வைத்துக்கொள்வார்கள். அந்தப் பூட்டுத்தான் அங்கே கயிறு. அவ்வளவு கற்றவர்கள் விடுமுறை என்றதும் காவலைத் தொல்லை என்றும், காவலின்மையை உபசாரம் என்றும் எண்ணியது எப்படி? பணம் கொடுத்தவன் சுகத்தை மட்டுமே எண்ணிப் பார்க்கிறான். மீன் புகைப்படத்தில் விழுகிறது. விழித்திருந்த மாலுமி விழுவதில்லை.

இது அயல்நாட்டுக் கடலோடு நின்றுவிடும் விஷயமன்று. ஹாவ்லக் என்ற ஆங்கிலத் தளபதியின் பெயரை விடுத்து 2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் பெற்ற அந்தமான் தீவிலும், லட்சத்தீவுகளிலும் நம்மவர் இத்தொழிலை நடத்தி வருகின்றனர். விருந்தினர் எதைக் கேட்கிறார்களோ அதுவே தொழிலின் வழக்கமாகும். மெத்தையைப் பற்றிக் கேட்டால் மெத்தை நன்றாக இருக்கும். இரவில் விழித்திருப்பவர் யார், வெளியேறும் வழிகள் தனித்தனியே எங்கே திறக்கின்றன, பிராணவாயு எவ்வளவு இருக்கிறது, மருத்துவரிடம் சேர எத்தனை மணி நேரம் ஆகும், கடைசி முழுக்கு என்றைக்கு என்று கேட்டால், அவை நன்றாக இருக்கும். நாட்டின் கௌரவம் கொடியில் மட்டும் இல்லை. இத்தகைய சிறு கேள்விகளிலும் இருக்கிறது.

இரண்டாமவர் மறுநாளே வைத்தியரிடம் சென்றார் என்று நண்பர் எழுதியிருக்கிறார். பெரிய கெடுதல் ஒன்றும் இல்லையாம். தை மாதத்தில் வாலிபர்கள் இருவரும் சேர்ந்து புறப்படப்போகிறார்களாம். திண்ணையை விட்டு எழுந்த சமயம் ஒன்றை மட்டும் நாமே பார்த்தோம். அதிர்ஷ்டசாலி என்று நாங்கள் தீர்ப்பளித்தவர், மற்றவர் சென்ற அந்தப் 'பள்ளிக்கூட'த்தின் பெயரை மெல்ல விசாரித்துக் குறித்துக்கொண்டிருந்தார்.