சாகசமாம், சாகசம்!

தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றினால் போதும், உடனே "மாவீரர்" பட்டம்! அது முக்கால்வாசி வீட்டுவேலைங்க. 1968 ஜூனில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் கிளம்பிய 'சுஹைலி', மும்பையில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. 312 நாள் எங்கும் நிற்காத பயணம். அடிப்பலகை இடுக்கு கசிந்தது. நடுக்கடலில் முங்கி முங்கி அடைத்தார். தொட்டித் தண்ணீர் கெட்டது, மழைநீர் பிடித்தார். ரேடியோவும் போச்சு. கிழிந்த பாயைத் தைக்கும்போது மீசையையும் சேர்த்துத் தைத்துக்கொண்டார் (சிரிக்காதீங்க, நிஜம்). அப்புறம் சமையல், மராமத்து... தினமும் இதேதான்.

தையல் பொம்பளை வேலை என்று வீட்டில் சட்டைப் பொத்தான்கூடத் தைக்காத ஆசாமிகள்தான் இவரைக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பந்தயத்தில் கிளம்பியவர்கள் ஒன்பது பேர். முடித்தவர் இவர் மட்டும். புயலை மற்றவர்களும்தான் பார்த்தார்கள், அதை மட்டும் ஏன் எழுதுகிறீர்கள்?