‘இன்னொரு தடவை விரலை வைங்க சார்’: சிம் கார்டு வாங்கும் கடையில் எதற்கெல்லாம் ‘வேண்டாம்’ சொல்லலாம்?

ப்ரீபெய்டு சிம் வாங்குவது பத்து நிமிட வேலை. ஆதார் எண்ணைச் சொல்லி, விரலை வைத்து, ஒரு போட்டோ எடுத்தால் முடிந்தது. ஆனால் அம்பத்தூர் ஓ.டி., ஆவடி ரயில் நிலையப் பகுதி, பூந்தமல்லி டிரங்க் ரோடு என எங்கே ஒரு செல்போன் கடைக்குள் போனாலும், "ஒரு சிம் போதும், கம்மி ரீசார்ஜ் போட்டுக் கொடுங்க" என்று கேட்டவர் அதை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வருவது அவ்வளவு சுலபமில்லை.

"கம்மி பேக்லாம் இப்ப கிடையாதுக்கா." "பழைய நம்பரை இதுக்கு மாத்திடுங்கண்ணா, சிம் ஃப்ரீ." "டெம்பர்டு கிளாஸ் ஒண்ணு சேர்த்துப் போட்டுடவா?" கடைசியாக, "ரேகை விழல, இன்னொரு தடவை வைங்க சார்."

முதல் மூன்றும் பர்ஸோடு முடிந்துபோகும் விஷயங்கள். நான்காவது அப்படியில்லை. அது உண்மையான காரணத்தோடு கேட்கப்படலாம். இல்லையென்றால், முகம் தெரியாத ஒருவர் கையில் உங்கள் பெயரில் ஒரு சிம் போய்ச் சேரும்.

கடைக்காரர் ஏன் விடமாட்டேன் என்கிறார்?

அவர் பக்கத்து நியாயத்தையும் பார்த்துவிடலாம். முன்பெல்லாம் தெருமுனைக் கடையில் பத்து ரூபாய் கார்டு வாங்கிச் சுரண்டினோம். பிறகு அதே கடையில் நம்பரைச் சொல்லி ‘ஈசி’ போட்டோம். இப்போது அந்த ரீசார்ஜ் எல்லாம் ஜிபே, போன்பே என்று நம் கைக்கே வந்துவிட்டது. ரீசார்ஜில் கடைக்காரருக்குக் கிடைத்த சில்லறை கமிஷனும் அதோடு போனது. மிச்சம் இருப்பது புதிய இணைப்பு, வேறு நிறுவனத்திலிருந்து இழுத்து வரும் ‘போர்ட்’, பிறகு கவர், சார்ஜர், இயர்போன். புதிய இணைப்புக்கும் போர்ட்டுக்கும் விநியோகஸ்தர் டார்கெட் வைப்பார், ஊக்கத்தொகையும் தருவார். மாதக் கடைசியில் கடைக்காரர் குரலில் தெரியும் அவசரத்துக்குக் காரணம் இதுதான்.

ஆக, நீங்கள் கேட்பது ஒரு நம்பர். அவருக்கு லாபம் இருப்பதோ அந்த நம்பரோடு ஒட்டி வரும் மற்றவற்றில்.

‘மினிமம் இவ்ளோதான்’ என்பது உண்மையா?

பாதி உண்மை. சிம் இலவசம் என்றாலும் அதை இயக்க முதல் ரீசார்ஜ் ஒன்று போட்டாக வேண்டும். அது எந்த ரீசார்ஜ் என்பதில்தான் விளையாட்டு நடக்கிறது.

2024 ஜூலை தொடக்கத்தில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்து கட்டணத்தை உயர்த்தின. கோபத்தில் பலர் பிஎஸ்என்எல் பக்கம் போனார்கள். அந்த ஒரே மாதத்தில் பிஎஸ்என்எல்லுக்குச் சுமார் 29 லட்சம் வாடிக்கையாளர்கள் கூடினார்கள், தனியார் மூவருக்கும் எண்ணிக்கை குறைந்தது. 2025 ஆகஸ்டில், தினமும் 1 ஜிபி தரும் 249 ரூபாய் பேக்கை ஜியோவும் ஏர்டெல்லும் தங்கள் ஆன்லைன் பட்டியலிலிருந்து எடுத்தன. ஆகவே "கம்மி பேக்லாம் தூக்கிட்டாங்க" என்று கடைக்காரர் சொல்வது முழுப் பொய் அல்ல.

ஆனால் அவர் சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. டேட்டாவே வேண்டாம், பேசினால் போதும் என்பவர்களுக்குத் தனி பேக் இருந்தாக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024 டிசம்பரில் விதி கொண்டு வந்தது. நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள், அவர்கள் எதற்கு டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும் என்பது அதன் பின்னணி. அதன்பின் 2025 ஜனவரியில் ஜியோ 448 ரூபாய்க்கும், ஏர்டெல் 469 ரூபாய்க்கும் 84 நாள் பேக்குகளைக் கொண்டு வந்தன. டேட்டா கிடையாது, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும். இவற்றைக் கடைக்காரர் தானாகச் சொல்வது அபூர்வம். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு சிம் வாங்கப் போகிறவர்கள் வாயைத் திறந்து கேட்க வேண்டிய பேக் இது.

28 நாள் கணக்கும் அப்படித்தான். மாதா மாதம் என்று நினைத்துப் போட்டால் வருடத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ் ஆகும். இதைப் பார்த்துத்தான், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் பேக் ஒன்றையும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று ட்ராய் 2022 ஜனவரியிலேயே உத்தரவிட்டது.

கட்டணம் அடிக்கடி மாறும் என்பதால் மேலே சொன்ன தொகைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். கடைக்குப் போகும் முன் அந்தந்த நிறுவனத்தின் ஆப்பில் ஒருமுறை பார்த்து, பேக்கின் தொகையைச் சொல்லியே கேளுங்கள். "ஏதாவது கம்மியா" என்று கேட்பவருக்கும் "448 போடுங்க" என்பவருக்கும் கிடைக்கும் பதில் வேறு வேறு.

கவர், கிளாஸ் வாங்கினால்தான் சிம் தருவேன் என்றால்? அதற்குச் சட்டத்தில் பெயரே இருக்கிறது. ஒன்றை வாங்க இன்னொன்றை வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதை, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்கிறது. அதன்மேல் புகார் கொடுக்கலாம். அடுத்த கடைக்கு நடந்துவிடுவது அதைவிடச் சுலபம் என்பதும் உண்மைதான்.

போர்ட் செய்யச் சொன்னால்

நிறுவனம் மாறுவதில் தவறில்லை. ஆனால் "போனைக் கொடுங்க சார், நான் பார்த்துக்கிறேன்" என்று வாங்கி, உங்கள் போனிலிருந்து 1900-க்கு அவரே மெசேஜ் தட்டுவதை அனுமதிக்க வேண்டாம். அதற்குப் பதிலாக வரும் எட்டு எழுத்துக் குறியீடுதான் உங்கள் நம்பரின் சாவி. அதை அவரிடம் கொடுத்து, விரலையும் வைத்தால் கோரிக்கை பதிவாகிவிடும். உள்ளூர் நம்பர் என்றால் 3 வேலை நாளில் மாறிவிடும், வேறு மாநில நம்பர் என்றால் 5 வேலை நாள். பழைய சிம்மில் மிச்சம் இருக்கும் பேலன்ஸும் பேக்கும் கூடவே வராது. மாறிய பிறகு 90 நாளைக்கு அங்கேதான் இருக்க வேண்டும். புதிய நிறுவனத்தின் சிக்னல் உங்கள் வீட்டுக்குள் எடுக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேட்காமல் மாறியவர்கள், அந்த மூன்று மாதமும் மொட்டைமாடியில் நின்று பேச வேண்டியதுதான்.

பேச்சில் மயங்கி ஒப்புக்கொண்டுவிட்டீர்களா? கோரிக்கை கொடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆங்கிலத்தில் ‘கேன்சல்’ என்று டைப் செய்து, இடைவெளி விட்டு உங்கள் எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் ரத்தாகிவிடும். இது பலருக்குத் தெரியாது, கடையிலும் சொல்ல மாட்டார்கள்.

விரல் ரேகை: இங்கேதான் கவனம் தேவை

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்திலும் பிரஸ் மெஷினிலும் வேலை பார்ப்பவர்களின் விரல் ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடையிலேயே பதியாது. ஆகவே "ரேகை விழல" என்று சொல்லும் எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்ல. சிக்கலே அதுதான். நேர்மையான கடைக்காரரும் திருடனும் ஒரே வசனத்தைத்தான் பேசுகிறார்கள்.

திருடன் செய்வது இது. முதல் தடவையிலேயே ரேகை பதிந்துவிடும். பதியவில்லை என்று சொல்லி இரண்டாம் தடவை வைக்கச் சொல்வார். முதல் ரேகையில் உங்கள் சிம். இரண்டாம் ரேகையில் உங்கள் பெயரிலேயே இன்னொரு சிம். அது உங்கள் கைக்கு வராது, சைபர் மோசடிக் கும்பலுக்கு விலைக்குப் போகும். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மிரட்டல், போலி முதலீட்டு ஆசை காட்டல், போலி வாட்ஸ்அப் கணக்கு என எல்லாவற்றுக்கும் இப்படிப்பட்ட சிம்கள்தான் தீனி.

2025 மே மாதம் சிபிஐ, ‘ஆபரேஷன் சக்ரா’ என்ற பெயரிலான நடவடிக்கையில், சிம் விற்பனை ஏஜென்டுகளைக் குறிவைத்து தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களில் 40-க்கும் மேற்பட்ட இடங்களில் சோதனை நடத்தியது. மோசடிக் கும்பல்களுக்கு சிம் சப்ளை செய்தார்கள் என்பதே ஏஜென்டுகள் மீதான குற்றச்சாட்டு. அதற்கு முன்பே, 2023 ஆகஸ்டில், மோசடியாக வாங்கப்பட்ட 52 லட்சம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாகவும், 67 ஆயிரம் விற்பனையாளர்கள் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டதாகவும் மத்திய அரசு அறிவித்தது. சிம் விற்பவர் ஒவ்வொருவரும் நிறுவனத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவில்லாதவர் மூலம் விற்றால் நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. ரோட்டோரம் குடை போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் இந்த விதி பொருந்தும்.

புதிய தொலைத்தொடர்புச் சட்டப்படி, ஆள்மாறாட்டம் செய்தோ ஏமாற்றியோ சிம் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். தண்டனை மோசடிக்காரருக்குத்தான். ஆனால் போலீஸ் முதலில் தேடி வருவது சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து எஸ்டேட் பக்கம் பத்துப் பேர் ஒரே அறையில் தங்கி வேலை பார்க்கும் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். கடையில் பேசும் தமிழ் அவருக்குப் புரியாது, ஸ்டேஷனில் கேட்கும் கேள்வியும் புரியாது. அந்த இரண்டாவது சிம்மைத் தான் பார்த்ததே இல்லை என்று அவர் எப்படிப் புரியவைப்பார்?

கடையிலேயே செய்யக்கூடியது எளிது. ரேகை பதியவில்லை என்றால், திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் சிம்மே வேண்டாம் என்று கிளம்பிவிடலாம். ஆதார் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சிம் வாங்க ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் காட்டி, விரல் வைக்காமலே வாங்கலாம். "அதெல்லாம் லேட்டாகும் சார்" என்பார்கள். ஆகட்டும்.

ஏற்கெனவே விரல் வைத்துவிட்டோமே என்று நினைப்பவர்களுக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளம். அங்கே உங்கள் எண்ணைப் போட்டு, வரும் ஓடிபியைக் கொடுத்தால் உங்கள் பெயரில் ஓடும் இணைப்புகள் வரிசையாகத் தெரியும். ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 இருக்கலாம். தெரியாத எண் இருந்தால் ‘இது என் எண் அல்ல’ என்று அங்கேயே புகார் செய்யலாம். இன்னொன்று, ஆதார் இணையதளத்தில் உள்ள அங்கீகார வரலாறு. கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ரேகை எப்போது, எந்த நிறுவனத்துக்காகப் பயன்பட்டது, வெற்றியா தோல்வியா என்று அதில் இருக்கும். கடைக்காரர் "விழல" என்று சொன்ன அந்த முதல் முறை அங்கே தோல்வி என்று பதிவாகியிருந்தால் நிம்மதி. இரண்டுமே வெற்றி என்றிருந்தால் கேள்வி கேட்கக் காரணம் இருக்கிறது. உடனே சஞ்சார் சாத்தியில் எண்களைச் சரிபாருங்கள். ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளும் வசதியும் இருக்கிறது.

புகார் எங்கே கொடுப்பது?

தவறான பேக், கேட்காத சேவை என்றால் முதலில் அந்த நிறுவனத்தின் 198. புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள், பதில் திருப்தியில்லை என்றால் அதை வைத்து மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் உண்டு. கேட்காமலே காலர் ட்யூன் மாதிரி ஏதாவது ஏறியிருந்தால் 155223-க்கு அழைத்து நிறுத்தலாம், கட்டணமில்லை. கடை செய்த அடாவடிக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தொலைபேசிப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று நிறுவனங்கள் நீண்ட காலம் வாதாடி வந்தன. 2022 பிப்ரவரியில், ஒரு வோடஃபோன் ஐடியா வழக்கில், விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு மனுக் கட்டணம் கிடையாது, உங்கள் வீடு இருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இங்கே ஒரு சின்னக் குழப்பம். அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் இன்னும் திருவள்ளூர் மாவட்டம். போலீஸ் என்று வந்தால் மூன்று ஊருக்கும் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம்தான்.

உங்கள் பெயரில் நீங்கள் வாங்காத சிம் ஓடுவது தெரிந்தால், சஞ்சார் சாத்தியில் புகார் செய்த கையோடு அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, உள்ளூர் காவல் நிலையத்திலும் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். அந்த சிம்மை வைத்து யாரிடமாவது பணம் பறிக்கப்பட்டு விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் நாளில், அதற்கு முந்தைய தேதி போட்ட அந்த ரசீதுதான் உங்களுக்காகப் பேசும்.