மனோ சிகிச்சையும் மடிப் பணமும்

உடம்பில் நோய் கண்டால் வைத்தியரை நாடுவதற்கு நம்மவர் வெட்கப்படுவதில்லை. வயிற்று வலியின் சரித்திரத்தை வாசல் திண்ணையில் உட்கார்ந்தே விஸ்தாரமாகச் சொல்வோம். மனத்தில் கிலேசம் கண்டால் மட்டும் வாய் அடைத்துப் போகிறது. அந்த நாணத்தை ஒருவாறு வென்று, தனியார் மனோதத்துவ நிபுணரிடம் சிகிச்சை பெறத் துணிந்த குடும்பத்துக்கும் இரண்டாவது நாணம் ஒன்று காத்திருக்கிறது. “இதற்கு எவ்வளவு ஆகும்?” என்று கேட்க நா எழுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் பெற்றோருடன் பழகி நாம் அறிந்த வரையில், இந்த இரண்டாவது நாணம் முதலாவதற்குத் தீங்கில் இளைத்ததல்ல. கேளாமலே தொடங்குகிறார்கள், பணமுடை வந்ததும் சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள். பிறகு, “இந்தச் சிகிச்சையால் பயனில்லை” என்ற தீர்மானத்துக்கும் வருகிறார்கள். பாதி மருந்தைக் கொட்டிவிட்டு மருந்தைக் குறை கூறுவது போன்றதே இது.

பேச்சினால் செய்யும் இந்த வைத்தியத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவரான வியன்னா நகரத்து பிராய்டு, கட்டணத்தைப் பற்றிப் பேச நாணியவரல்லர். 1913-ம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒவ்வொரு நோயாளிக்கும் தம்முடைய நாளில் ஒரு மணி நேரம் உரியதென்றும், அவர் வராவிட்டாலும் அதற்குப் பணம் தர வேண்டுமென்றும் சொல்கிறார். சங்கீதம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இவ்வழக்கம் உண்டே என்பது அவர் காட்டும் நியாயம். அதே பிராய்டு, 1918-ல் புடாபெஸ்ட் நகரில் பேசும்போது, ஏழைகளுக்கும் இச்சிகிச்சை இலவசமாய்க் கிட்டும் காலம் வர வேண்டுமென்றார். 1920-ல் பெர்லினிலும் 1922-ல் வியன்னாவிலும் அத்தகைய சிகிச்சாலைகள் ஏற்பட்டன. அந்த 1922-ம் ஆண்டிலேயே கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் இந்திய மனப்பகுப்புச் சங்கத்தை நிறுவினார். ஆகவே பணத்தைப் பற்றிய பேச்சு இந்த வைத்தியத்துக்குப் புறம்பானதன்று; பிறந்தது முதல் அதனுடன் வளர்ந்தது.

நாம் கொடுக்கும் பணம் எதற்கு? குணத்தை விலைக்கு வாங்குவதற்கன்று. பயிற்சி பெற்ற ஒருவருடைய நேரத்துக்கும் கவனத்துக்குமே. எனவே அவருடைய பயிற்சியை விசாரிப்பது முதற் கடமை. மனநல மருத்துவர் என்பவர் வைத்தியப் படிப்புப் படித்து மருந்து எழுதித் தருபவர். மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. பேச்சினாலும் பயிற்சிகளாலும் சிகிச்சை செய்பவர். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் அவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். ‘ஆலோசகர்’ என்ற பெயர்ப்பலகையை மட்டும் கண்டு உள்ளே நுழைந்துவிடலாகாது. பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவன்று.

முதல் நாள் பெரும்பாலும் விசாரணையிலேயே கழியும். துன்பம் எப்போது தொடங்கிற்று, தூக்கமும் பசியும் எப்படி, முன்பு உட்கொண்ட மருந்துகள் எவை, வீட்டில் யார் யார் என்றெல்லாம் கேட்பார்கள். ஒரு சந்திப்பு சாதாரணமாக 45 முதல் 50 நிமிஷம் வரை நடக்கும். வாரம் ஒரு முறை என்பது பொது வழக்கம். உடனே உபதேசம் கிடைக்குமென்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். சில நாட்களில் முன்னிலும் பாரமான மனத்துடன் வீடு திரும்புவதும் உண்டு. அதனையும் அடுத்த முறை அவரிடமே சொல்லலாம். நான்கைந்து சந்திப்புகளுக்குப் பின், “எந்த அளவு வந்திருக்கிறோம்?” என்று கேட்பது நியாயம். மனம் ஒட்டவில்லையென்றால் வேறொருவரை நாடுவதிலும் குற்றமில்லை.

இனிக் கணக்கு. கட்டணம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒரு சந்திப்புக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு வாரத்துக்கு 18,000 ரூபாய் ஆகிறது. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. ஆதலால் முதல் நாளிலேயே நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். ஒரு சந்திப்புக்கு எவ்வளவு? ஏறக்குறைய எத்தனை சந்திப்புகள் வேண்டியிருக்கும்? வர இயலாத நாளுக்கும் பணம் உண்டா, எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும்? வருவாய் குறைந்தவர்களுக்குச் சலுகை உண்டா? கட்டணத்தைக் குறைத்தோ, சந்திப்புகளை இரு வாரத்துக்கு ஒன்றாகத் தள்ளிவைத்தோ உதவுவோர் உண்டு, கேட்டால்தான் தெரியும்.

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீட்டுக்கு வகை செய்ய வேண்டுமென்கிறது. ஆயினும் பல காப்பீடுகள் ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருவன. வெளிநோயாளியாகச் சென்று பேசிவரும் செலவு அதில் அடங்குமா என்பதைப் பத்திரத்தைப் படித்தே அறிய வேண்டும். அந்தரங்கத்தைக் காக்கும் உரிமையையும் அதே சட்டம் அளிக்கிறது. உயிருக்கு ஆபத்து நேரும்போதும், சட்டம் குறிப்பிடும் வேறு சில சந்தர்ப்பங்களிலும் அதற்கு விலக்கு உண்டு. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், எது தமக்குச் சொல்லப்படும், எது சொல்லப்படாது என்பதை முன்னதாகவே பேசிக்கொள்வது நலம். பணம் கொடுப்பவர் நாம் என்பதற்காகக் குழந்தையின் ரகசியமும் நம்முடையதாகிவிடாது.

பணமே இல்லையென்றால்? அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. சென்னைக் கீழ்ப்பாக்கத்து அரசு மனநலக் காப்பகம் 1794-ம் ஆண்டு முதல் இருந்து வருவது. 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எவருக்கேனும் தலைகாட்டினால், அடுத்த வாரச் சந்திப்புக்குக் காத்திராமல் அப்போதே அழைக்க வேண்டும். அல்லது துணைக்கு ஒருவர் சென்று ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

கல்யாணத்தில் பந்தற்காரர் முதல் மேளக்காரர் வரை பேரம் பேசத் தெரிந்த குடும்பங்கள் நம்முடையவை. மன நலத்துக்காக ஒருவர் எதிரில் உட்காரும்போது மட்டும் அந்தச் சாமர்த்தியத்தை வாசலில் விட்டுச் செல்ல வேண்டியதில்லை. செலவைத் தெரிந்துகொண்டு தொடங்குகிறவரே அதனை முடிவு வரை நடத்துகிறார்.