நூலக அறையை எடுப்பதற்கு முன்



"எல்லாரும் ஃபோனில்தானே பார்க்கிறார்கள். லைப்ரரி அறையை ஸ்மார்ட் வகுப்பாக மாற்றினால் என்ன?" பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் இப்போது இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஆசிரியர்களாகிய நாங்கள் இதை எதிர்க்கிறோம். ஆனால் கேட்டவர்களைத் திட்டுவதோடு பேச்சை முடிக்கப் போவதில்லை.

முதலில் நிர்வாகத்தினருக்கு. ஆசிரியர் ஒருவர் லீவு என்றால் நூலகரைத்தான் வகுப்புப் பார்க்க அனுப்புகிறீர்கள். நூலகம் பூட்டப்படுகிறது. அதிகாரிகள் வந்தால் அதே அறையில்தான் சாப்பாடு. ஒக்டோபரில் வாசிப்பு மாதம் என்று ஒரு பதாகை, நாலு புகைப்படம். நவம்பரில் மறுபடியும் பூட்டு. பிறகு, "பிள்ளைகள் நூலகத்துக்குப் போவதில்லை" என்கிறீர்கள். பூட்டிய கதவைத் தேடி எந்தப் பிள்ளை போகும்?

இனி நூலகர்களுக்கு. உங்கள் பயம் எங்களுக்கு விளங்குகிறது. வருடக் கணக்கெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்தாலும் உங்களிடம்தான் கேட்பார்கள். அதனால் அலுமாரிக்குள் வைத்துக் காப்பதே புத்தி என்று தோன்றும். ஆனால் "எல்லாப் புத்தகமும் இருக்கிறது" என்று மட்டும் அறிக்கை கொடுத்தால், அந்த வேலைக்கு ஒரு நல்ல பூட்டே போதும் என்றுதான் மேலிடம் நினைக்கும்.

1885இல் சித்திலெப்பை வெளியிட்ட அசன்பே சரித்திரத்தை மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். அது நூலகப் பதிவேட்டில் இருந்தால் மட்டும் போதுமா? கடைசியாக அதை எடுத்து வாசித்த பிள்ளை யார்? எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்படுவதற்கானவை என்பதுதான்.

ஆகவே தவணைக்கு ஒருமுறை அதிபரின் மேசையில் ஒரே ஒரு பக்கம் வையுங்கள். எந்தத் தரத்தில் எத்தனை பிள்ளைகள் புத்தகம் எடுத்தார்கள்? எத்தனை பேர் ஒருநாளும் வரவில்லை? பிள்ளைகள் கேட்டும் நம்மிடம் இல்லாத நூல்கள் எவை? எந்தப் பாடத்தின் ஒப்படைக்கு நூலகம் உதவியது? நூலகரை வகுப்புக்கு அனுப்பியதால் எத்தனை பாடவேளை கதவு மூடியிருந்தது? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இரவல் கணக்கு மட்டும் போதாது. வீட்டில் மேசை இல்லாத உயர்தரப் பிள்ளை நூலகத்தில் இருந்து கடந்தகால வினாத்தாள் செய்துவிட்டு, ஒரு புத்தகமும் எடுக்காமல் போகும். எந்தப் பதிவேட்டிலும் அது வராது. பெயர் வேண்டாம், அப்படி எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுங்கள்.

"செய்த வேலையைத் தம்பட்டம் அடிக்க வேண்டுமா?" என்று கேட்கும் நூலகர்களும் இருக்கிறார்கள். இது தம்பட்டம் இல்லை, கணக்கு. பள்ளிவாசல் சந்தாவுக்கே கணக்குக் கேட்கிற ஊர் இது. கணக்கு இல்லாத இடத்தில் யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் சொன்னதுதான் முடிவாகும்.

வசதியுள்ள வீடு புத்தகம் வாங்கும், டியூஷனுக்கும் அனுப்பும். வசதியில்லாத பிள்ளைக்கு அந்த ஒரு அறைதான் இருக்கிறது. அதை எடுத்தால் கூட்டத்துக்கு வந்து கேட்க அந்தப் பிள்ளையின் உம்மாவுக்கு நேரமும் இருக்காது, தைரியமும் வராது.

அதனால் சங்க உறுப்பினர்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு விடயங்கள்தான். மூன்று தவணைக்கு நூலகரை வேறு வேலைக்கு அனுப்பாதீர்கள். தவணை முடிவில் அந்த ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கி, கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். அறையை என்ன செய்வது என்று அதற்குப் பிறகு பேசுவோம்.