ஏறியவள் எழுதட்டும்

எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் யார் என்று கேட்டால் என் மாணவிகள் யோசிக்காமல் சொல்கிறார்கள்: பச்சேந்திரி பால், 1984. பொது அறிவில் ஒரு மதிப்பெண். அவர் எழுதிய புத்தகத்தைக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. பெண்ணின் சாகசத்தை நாம் இப்படித்தான் கையாள்கிறோம்: தேதியை வைத்துக்கொள்கிறோம், அவள் பேச்சை விட்டுவிடுகிறோம்.

பச்சேந்திரி சமஸ்கிருதத்தில் எம்.ஏ., பிறகு பி.எட். ஆசிரியை ஆவார் என்று வீடு எதிர்பார்த்தது. அவர் மலைக்குப் போனார். உச்சியை அடைவதற்கு ஒரு வாரம் முன், நள்ளிரவில் பனிச்சரிவு கூடாரத்தை மூடியது. பின்னந்தலையில் அடி. சகா ஒருவர் கத்தியால் கூடாரத்தைக் கிழித்து வெளியே இழுத்தார். பலர் இறங்கிவிட்டார்கள், அவர் இறங்கவில்லை. மே 23 அன்று உச்சியில் மண்டியிட்டு, துர்க்கையின் படத்தைச் சிவப்புத் துணியில் சுற்றிப் பனியில் புதைத்தார். அவரே எழுதியதால்தான் இவை நமக்குத் தெரியும்.

அதே துர்க்கை மாமல்லபுரம் குகையில் சிங்கத்தின் மேல் அமர்ந்து மகிஷனோடு போரிடுகிறாள். கல்லில் இருக்கும் போர்க்காரியைப் பார்க்கக் குடும்பத்தோடு போகிறோம். அதே செங்கல்பட்டு மாவட்டத்தில், ஓட்டுரிமை உள்ள ஒரு மாணவி இரண்டு நாள் மலையேற்ற முகாமுக்குப் போக விடுதி அப்பாவின் கையெழுத்தைக் கேட்டது. அம்மாவின் கையெழுத்து செல்லாதாம்.

2023 மே மாதம் நம் முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறினார். ‘இரண்டு குழந்தைகளின் தாய்’ என்றன செய்திகள். எந்த ஆண் வீரரை ‘இரண்டு குழந்தைகளின் தந்தை’ என்று அறிமுகப்படுத்தினோம்? அவள் எழுதாதவரை அவளை இவர்கள்தான் எழுதுவார்கள்.

ஏறியதே போதாதா, எழுத்து எதற்கு என்பார்கள். முதல் பெண் என்ற பட்டம் ஒருத்திக்குத்தான் கிடைக்கும். எழுத்து அடுத்தவளுக்கும் வழி. பணத்தை எப்படித் திரட்டினாள், மாதவிடாய் நாளில் பனியில் என்ன செய்தாள், வீட்டில் யாரை எப்படிச் சம்மதிக்க வைத்தாள், எங்கே பயந்தாள்? நான் படித்த ஆண்களின் மலையேற்ற நூல் எதுவும் இவற்றைச் சொன்னதில்லை.

பயண இலக்கியம் நடத்தும் தமிழ்த்துறைகளே, பாடத்திட்டத்தில் பெண்களின் சாகச எழுத்துக்கு இடம் கொடுங்கள். பதிப்பாளர்களே, ஏறி வந்தவளுக்குப் பொன்னாடை போர்த்தியதும் கையெழுத்துப் பிரதியைக் கேளுங்கள். மாணவிகளே, திருக்கழுக்குன்றம் மலைப்படியோ, கோவளம் அலையோ, போய்வந்த அன்றே எழுதிவையுங்கள். எழுதுவதற்கு எந்த அப்பாவின் கையெழுத்தும் வேண்டாம்.