திருப்புளியைப் பறிப்பது யார்?

மரம் அறுக்கும் செயின் சாவின் கார்புரேட்டரில் சாதாரணமாக மூன்று சின்னத் திருகுகள் உண்டு. பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை இரண்டு தீர்மானிக்கும். சும்மா ஓடும் வேகத்தை மூன்றாவது தீர்மானிக்கும். பெட்ரோல் குறைந்தால் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மிஞ்சினால் புகை கக்கும். படகு என்ஜினின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் திரேஸ்புரம் மெக்கானிக்குக்கு இந்த வித்தையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இப்போது ஸ்டில் கம்பெனியின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோடியூன் என்று வந்திருக்கின்றன. எலெக்ட்ரானிக் மூளையே கலவையைச் சரிசெய்கிறது. இதை நாம் எதிர்க்கிறோமா? இல்லவே இல்லை! கலவை சரியாக இருந்தால் புகை குறையும். அந்தப் புகையை முதலில் விழுங்குபவன் கூலியாள்தானே!

ஆனால் அந்த மூளை கெட்டால்? கோளாறைக் கண்டறியும் கருவி கம்பெனி ஏஜெண்டின் கையில்! 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டைத் தென்னைகளை லட்சக்கணக்கில் சாய்த்தது. அப்படிப்பட்ட நாளில் மிஷின் நின்றால், ஏஜெண்டைத் தேடி அலையும் உழைப்பாளியின் கூலியை யார் கொடுப்பது?

பழைய திருகே போதும் என்பது பிற்போக்கு. கம்பெனி சொல்வதே வேதம் என்பது அடிமைத்தனம். யந்திரம் நம் பகைவனல்ல. அதற்கு லாப வேட்டை போட்ட பூட்டுத்தான் பகை!

2022 ஜூலையில் மத்திய சர்க்கார் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் கமிட்டி அமைத்தது. விவசாயக் கருவிகளும் அதன் வரம்பில் வந்தன. அதே டிசம்பரில் இணையதளம் திறந்தது. கம்பெனிகளின் தயவு போதாது, தோழர்களே! கையேடும், உதிரிபாகமும், சோதனைக் கருவியும் ஒவ்வொரு பட்டறைக்கும் நியாய விலையில் கிடைக்கக் கட்டாயச் சட்டம் வேண்டும். மில்லிலும் வயலிலும் சங்கங்கள் இந்தக் கோரிக்கையை முழங்கட்டும்!