கல்லறையைப் பேணுதல்

இறந்தாரை நல்லடக்கம் செய்தவுடன் நம் கடமை முடிந்ததென்று எண்ணுவார் பலர். "உயிரோடிருப்பார் பலர் பசித்திருக்க, கல்லுக்குப் பணிவிடை எதற்கு?" என்றும் அவர் வினவுவர். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. இதற்கு விடை காண, தமிழர்க்கு உறவுடைய கல்லறைத் தோட்டம் ஒன்றன் செய்தியை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

இங்கிலாந்து தேசத்து ஆக்ஸ்போர்டு நகரில் ஜெரிக்கோ என்னும் பகுதியில், வால்ட்டன் வீதியை அடுத்து, செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம் உளது. நகரத்து ஆலய முற்றங்களில் அடக்கம் செய்தற்கு இடம் போதாமையால் 1848-ஆம் ஆண்டில் இது திறக்கப்பட்டது. பேலியல் கல்லூரித் தலைவராயிருந்து 1893-இல் மறைந்த ஜோவெட் பண்டிதர் இங்கே துயில்கின்றார். திருக்குறளை 1886-இலும், நாலடியாரை 1893-இலும், திருவாசகத்தை 1900-இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டு, 1908-இல் காலமான நம் போப்பையரும் இங்கேயே துயில்கின்றார்.

காலம் செல்லச் செல்ல அடக்கங்கள் நின்றன. உறவினர் வருகை குன்றிற்று. கொடியும் முட்புதரும் கற்களை மூடின. அந்நிலையில் அவ்வூரார் சிலர் அன்பர் குழுவாகக் கூடி, ஊதியமின்றி அத்தோட்டத்தைப் பேண முன்வந்தனர். புதர் களைதல் அவர் பணியில் ஒரு பாதியே. மற்றைப் பாதி, ஒவ்வொரு கல்லிலும் எழுதியிருப்பதைப் படித்துப் பெயர்த்தெழுதி, பழம் பதிவேடுகளோடு ஒப்புநோக்கி, அங்கு அடங்கியோரின் வரலாற்றை யாவரும் அறிய வெளியிடுதலாம். அவர் பேராசிரியரை மட்டும் தேடினாரல்லர். கடைக்காரர், தொழிலாளர், இளமையில் மாண்ட மகவுகள் ஆகியோரையும் தேடினர்.

இதனால் விளைந்த நன்மை யாதென்பார்க்கு ஒன்று கூறுவேன். தம் கல்லறையில் தம்மை ஒரு தமிழ் மாணவனென்று பொறிக்குமாறு போப்பையர் பணித்தாரென்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டதென்றும் நம் மேடைகளில் நெடுங்காலமாகப் பேசி வருகின்றோம். கேட்க இனிய கதைதான். ஆயினும் அவ்வாசகம் அக்கல்லில் இல்லை. அங்கிருப்பது வேறு. அது அவரைத் தென்னிந்தியாவைச் சார்ந்தவரென்று குறிக்கின்றது. பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் போதித்தமையைக் கூறுகின்றது. அவர்தம் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பரும் சேர்ந்து, கீழ்நாட்டு இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் ஆயுள் முழுதும் உழைத்த உழைப்பை வியந்து அக்கல்லை நாட்டினரென்று அறிவிக்கின்றது. கடல் கடந்து நம் முன்னோர் செலுத்திய நன்றிக்கு அக்கல் சான்று. கதையை விட உண்மையே நமக்குப் பெருமை தருவதன்றோ? கொடி மூடிய கல் சான்று பகராது. சான்று மறைந்தவிடத்துக் கதையே நிலைபெறும்.

"இஃது அரசினர் கடன், நமக்கென்ன?" என்பாரும் உளர். புல் வெட்டுதற்குக் கூலியாளரை அமர்த்தலாம். ஒரு பெயரை நின்று படித்து, அப்பெயருடையார் யாரென்று தேடும் அன்பைக் கூலிக்குப் பெறல் அரிது.

இனி, நம் நாட்டை நோக்குவோம். சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்பார் தொகுத்து 1905-இல் ஒரு நூலாக்கினார். அரிய தொண்டே; எனினும் அதில் இடம்பெற்றோர் பெரும்பாலும் ஐரோப்பியர். நம்மூர்க் கல்லறைத் தோட்டங்களில் தமிழெழுத்துப் பொறித்த கற்களின் கீழ் உறங்கும் உபதேசியாரையும், கிராமப் பள்ளி ஆசிரியரையும், மருத்துவத் தாதியரையும் யார் எழுதி வைப்பார்? அவர் கற்பித்த எழுத்தாலன்றோ நம் குடும்பங்கள் பல கல்லூரி வாயிலை மிதித்தன? பசித்தார்க்கு உணவிடுதல் முதற்கடனென்பதை யான் மறுக்கவில்லை. ஆயின் ஏழையர்க்கு உழைத்து மாண்டாரின் பெயரை அழியவிட்டு ஏழையர்பால் அன்புடையோமென்று கூறுதல் பொருந்துமோ?

ஆதலின் மாணவ நண்பர்காள், விடுமுறையில் ஒரு நாளைத் தத்தம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அளியுங்கள். குருவானவரிடமும் சபையாரிடமும் முன்னரே அனுமதி பெறுங்கள். கல்லைப் பற்றிய கொடியைப் பிடுங்காதீர்; பிடுங்கின் எழுத்தும் உடன் பெயரக்கூடும். அதன் அடியை அறுத்து, தானே வாடவிடுங்கள். கம்பித் தூரிகையும் திராவகமும் வேண்டா, சுண்ணாம்பும் பூசவேண்டா. மெல்லிய தூரிகையும் தூய நீரும் போதும். எல்லாவற்றிற்கும் முன்னர், வாசகத்தை உள்ளவாறே எழுதிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்பாது, சிதைந்ததென்றே குறியுங்கள். ஊர் முதியோரிடம் கேட்டறிந்தவற்றைத் தனியே எழுதி வையுங்கள்.

இவ்வேலைக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, காலந்தாழ்த்தாமையே வேண்டும். மழையும் வெயிலும் ஆண்டுதோறும் சில எழுத்துக்களை உண்டு வருகின்றன.